பழைய படத்தை ஒழுங்காகப் பார்ப்பது எப்படி: பரண் கேசட்டிலிருந்து மொட்டை மாடித் திரை வரை

கறுப்பு வெள்ளைப் படம் போட்டால் வீட்டுப் பிள்ளைகள் பத்தே நிமிடத்தில் எழுந்து போய்விடுகிறார்கள் என்றால், படத்தைத் திட்டுவதற்கு முன்னால் டிவியைக் கொஞ்சம் கவனியுங்கள். கதாநாயகன் இருந்ததைவிடக் குண்டாகத் தெரிகிறார். முகம் மெழுகு பூசியதுபோல் வழவழவென்று இருக்கிறது. ஆடுபவரின் பாதத்தைக் காணோம். பாட்டில் ஒரு சரணம் போய்விட்டது, மிச்சம் இருக்கும் பாட்டும் சுருதி ஏறிக் கிடக்கிறது. இதில் எதுவும் 1950களில், 60களில் படம் எடுத்தவர்கள் செய்த வேலையல்ல. பிறகு கைமாறிய இடங்களில் நடந்தது. முக்கால்வாசியை வீட்டிலேயே சரிசெய்துவிடலாம்.

ராயபுரம், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர் பக்கத்து வீடுகளை மனதில் வைத்தே இது எழுதப்படுகிறது. உப்புக் காற்று, பூஞ்சை பிடிக்கும் பரண், நாலா பக்கமும் கட்டடம் நெருக்கும் மாடி, இவை ஒவ்வொன்றும் கீழே சொல்லும் வேலையில் குறுக்கே வரும். அகஸ்தியா தியேட்டரும் 2020இல் மூடியாகிவிட்டது. பழைய படத்தை இனி நாமே ஓட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

முழுப் படமா, வெட்டின படமா?

முதலில் கையில் இருப்பது முழுப் படம்தானா என்று பார்க்க வேண்டும். படம் தொடங்கும்போது வரும் தணிக்கைச் சான்றிதழை நிறுத்திப் படியுங்கள். ரீல் எண்ணிக்கையும் மொத்த நீளமும் பெரும்பாலும் அதிலேயே இருக்கும், பழைய படங்களில் அடிக்கணக்கில், பிறகு வந்தவற்றில் மீட்டரில். 35 மி.மீ. பிலிமில் ஓர் அடிக்கு 16 பிரேம்; நொடிக்கு 24 பிரேம் ஓடுகிறது. ஆக, நிமிடத்துக்கு 90 அடி, மீட்டரில் 27.4. சான்றிதழில் 15,000 அடி என்று இருந்தால் 90ஆல் வகுங்கள்: 166 நிமிடம் 40 நொடி. உங்கள் கோப்பு 166 நிமிடம் ஓடினால் நிம்மதியாக உட்காரலாம்.

160 நிமிடம்தான் ஓடுகிறது என்றால் உடனே ‘வெட்டிவிட்டார்கள்’ என்று முடிவு கட்ட வேண்டாம். நம் நாட்டு டிவி முறையான ‘பால்’ நொடிக்கு 25 பிரேம் கேட்கும். 24 பிரேம் படத்தை அப்படியே 25 வேகத்தில் டேப்பில் ஏற்றுவது அந்தக் காலத்து வழக்கம். அதனால் படம் நூற்றுக்கு நான்கு பங்கு குறைந்த நேரத்தில் முடிந்துவிடும்: 166 நிமிடம் 40 நொடி ஓட வேண்டியது சரியாக 160 நிமிடம். கூடவே குரலும் பாட்டும் அரைக் கட்டைக்குக் கொஞ்சம் குறைவாக மேலே ஏறிவிடும். ஆர்மோனியம் வைத்திருப்பவர் ஒரு கட்டையை அழுத்தியதுமே கண்டுபிடித்துவிடுவார். கணினியில் படம் ஓட்டும் விஎல்சி பிளேயரில் வேகத்தை 0.96க்குக் கொண்டுவாருங்கள். அதோடு ஆடியோ அமைப்பில் இருக்கும் ‘டைம் ஸ்டிரெச்சிங்’ என்ற டிக்கையும் எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் வேகம் மட்டும் குறையும், ஏறின சுருதி ஏறினபடியே நிற்கும்.

25ஆல் பெருக்கி 24ஆல் வகுத்த பிறகும் ஐந்து, பத்து நிமிடம் குறைகிறது என்றால்தான் கத்தரி விழுந்திருக்கிறது. முதலில் பலியாவது பாட்டின் பின்பாதிச் சரணம், அடுத்தது தனியாக ஓடும் நகைச்சுவைக் கிளைக்கதை. எந்தப் பாட்டு போயிற்று என்று தெரிய நல்ல வழி, தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம். ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று கதையை நடுவில் நிறுத்துமே, அதேதான். தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இவை நிறைய உண்டு. இசைத்தட்டை மட்டும் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள். 78 வேகத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடம்தான் அடங்கும் என்பதால், தட்டில் இருப்பதும் படத்தில் இருப்பதும் வெவ்வேறு நீளமாக இருப்பது சகஜம்.

ஒரே படம் இரண்டு மூன்று இடத்தில் கிடைத்தால் ‘எச்டி’, ‘4கே’ என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்காமல் நாட்டியக் காட்சி ஒன்றுக்குப் போங்கள். பாதம் தெரிகிறதா? பழைய படத்தின் சட்டம் ஏறக்குறைய 4:3. அதை இன்றைய 16:9 டிவி முழுக்க நிரப்ப வேண்டுமென்று மேலும் கீழும் வெட்டினால் உயரத்தில் கால் பங்கு போய்விடும். பரதநாட்டியத்தில் கால் போனால் மிச்சம் என்ன இருக்கிறது? பாதம் தெரியும் மங்கலான பிரதியை, பாதம் இல்லாத பளபளப்புப் பிரதியைவிட மேலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

டிவியில் மாற்ற வேண்டியவை

ரிமோட்டை எடுத்துப் படத்தின் வடிவத்தை 4:3 அல்லது ‘ஒரிஜினல்’ என்று வையுங்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், வரத்தான் வேண்டும். ‘இவ்வளவு பெரிய டிவி வாங்கி இப்படியா’ என்று வீட்டில் ஒரு குரல் எழும். ஒரு வட்டத் தட்டோ கடிகாரமோ வரும் காட்சியில் நிறுத்தி, அது முட்டை வடிவத்தில் இருந்தது இப்போது வட்டமானதைக் காட்டினால் அடங்கிவிடும்.

சினிமாஸ்கோப் கதை வேறு. தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வந்த ‘ராஜராஜ சோழன்’. அதற்குப் பிறகு வந்த படங்களில் சில பிரதிகளில் ஆட்கள் நெடுநெடுவென்று ஒட்டடைக்குச்சி மாதிரி தெரிவார்கள். சினிமாஸ்கோப்பில் படத்தைப் பக்கவாட்டில் அமுக்கித்தான் பிலிமில் பதிப்பார்கள். தியேட்டர் லென்ஸ் அதை விரித்துக் காட்டும். டேப்பில் ஏற்றியவர் விரிக்க மறந்தது உங்கள் வீடு வரை வந்து சேர்ந்திருக்கிறது. விஎல்சியில் ‘ஏ’ எழுத்தைத் தட்டத் தட்ட வடிவம் மாறும். 2.35:1 வரும்போது நிறுத்துங்கள்.

அடுத்து டிவியின் பட அமைப்பு. ‘சினிமா’ அல்லது ‘மூவி’ முறையைத் தேர்ந்தெடுத்து, ஷார்ப்னஸைப் பூச்சியத்துக்கு ஒட்டி இறக்குங்கள். அசைவை வழுக்க வைக்கும் வசதிக்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பெயர் வைத்திருக்கும். எந்தப் பெயரில் இருந்தாலும் அணைத்துவிடுங்கள். அது இருந்தால் இல்லாத பிரேம்களை டிவி தானே கற்பனை செய்து நுழைக்கும், வாள் சண்டையில் வாள் இரண்டாகும். நாய்ஸ் ரிடக்‌ஷனையும் அணையுங்கள். பழைய படத்தில் மணல்போல் மினுக்கும் துகள் பிலிமின் சொந்த அமைப்பு. அதைத் துடைக்கப் போகும்போது கண்ணிமை, புடவைக் கரை எல்லாம் சேர்ந்து துடைபடுகிறது.

கறுப்பு வெள்ளைப் படத்துக்கு கலர் அளவை முழுதாகப் பூச்சியத்துக்கு இறக்குங்கள். மஞ்சள் நிற வீடியோ செருகி வழியாகவோ பழைய டேப்பிலிருந்தோ வந்த படத்தில், கட்டம் போட்ட சட்டை, மூங்கில் தட்டி, பட்டுக் கரை போன்ற நெருக்கமான கோடுகளில் வானவில் மாதிரி நிறம் ஓடும். நுண்ணிய கோட்டை டிவி கலர் சமிக்ஞை என்று தப்பாகப் புரிந்துகொள்வதால் வருவது அது. கலர் பூச்சியமானதும் ஓடிவிடும்.

வண்ணப் படங்களில் வேறொரு சிக்கல். ஈஸ்ட்மென் கலர் பிலிமில் இருக்கும் மூன்று சாயங்களில் நீலப்பச்சை முதலில் வெளுக்கும். வெயிலும் புழுக்கமும் வேகப்படுத்தும். அதனால்தான் பல பிரதிகள் செம்பருத்தி நிறத்தில் கிடக்கின்றன. டிவியில் ஒயிட் பேலன்ஸ் திறந்து சிவப்பு ‘கெய்ன்’ ஐந்தாறு புள்ளி குறைத்து, கலர் அளவையும் கால் பங்கு இறக்கினால் கண்ணுக்குச் சுகம். வெளுத்துப்போன வானம் மட்டும் திரும்பி வராது. அதை வரவழைக்கிறேன் என்று நீலத்தை ஏற்றினால் எல்லோர் முகமும் பிணக்களை அடிக்கும். இன்னொன்று: 1958இல் வந்த ‘நாடோடி மன்னன்’ கறுப்பு வெள்ளையில் தொடங்கிப் பிற்பாதியில் கேவா கலருக்கு மாறும் படம். நடுவில் கலர் வந்தால் டிவியைத் தட்ட வேண்டாம்.

ஒலியில் ஒரே விதி, மோனோ, அதாவது ஒற்றைத் தடம். இரண்டு ஸ்பீக்கரை இரு பக்கமும் வைப்பதைவிட ஒன்றைத் திரைக்கு நேர் கீழே நடுவில் வையுங்கள், வசனம் பேசுபவர் வாயிலிருந்தே வரும். அந்தக் காலத்து ஒலித்தடத்தில் 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக ஒன்றும் இல்லை. இரைச்சல்தான் அங்கே குடியிருக்கிறது. ஈக்குவலைசரில் அதற்கு மேற்பட்டதை இறக்கினால் ‘உஸ்ஸ்’ குறையும், வசனத்துக்குச் சேதம் இல்லை. ‘டிஜிட்டல் சரவுண்ட்’ என்று புதிதாகத் தபேலா சேர்த்த பிரதிகளைப் பற்றி என்ன சொல்ல, பழைய பிரதி கிடைத்தால் அதையே வையுங்கள்.

பரணில் கிடக்கும் கேசட்

சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. கலர் வந்தது 1982இல். வெள்ளிக்கிழமை ஒலியும் ஒளியும், ஞாயிற்றுக்கிழமைப் படம், 1987 ஜனவரியிலிருந்து ராமாயணம், அடுத்து மகாபாரதம் என்று தெரு அடங்கிய காலம். விசிஆர் (வீடியோ கேசட்டில் பதிந்து ஓட்டும் கருவி) வைத்திருந்த வீடுகளில் இவற்றைப் பதிந்த கேசட்டுகள் இன்னும் பரணில் கிடக்கின்றன, கல்யாணக் கேசட்டுகளுக்கு நடுவில். படங்களாவது வேறு எங்காவது கிடைக்கும். நடுவில் வந்த விளம்பரம், அறிவிப்பாளர் முகம், ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ அட்டை ஆகியவை கேசட்டில் மட்டும்தான். அதனால் கணினியில் ஏற்றும்போது படம் முடிந்ததும் நிறுத்தாமல் டேப் கடைசி வரை ஓட விடுங்கள். 180 நிமிடக் கேசட்டில் இரண்டரை மணி நேரப் படத்துக்குப் பின்னால் அரை மணி நேரம் மிச்சம் இருக்கும். பல வீடுகளில் ஒலியும் ஒளியும் ஒளிந்திருப்பது அங்கேதான்.

கேசட்டை எடுத்ததும் ஓட்டிவிடாதீர்கள். முதல் வேலை, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கண்ணாடி வழியாக டேப் சுருளைப் பாருங்கள். கறுப்பாக, தட்டையாக, மினுக்காக இருந்தால் நல்லது. வெள்ளைப் பொடி, சிலந்தி நூல் மாதிரி கோடு தெரிந்தால் பூஞ்சை. அதை விசிஆரில் போட்டால் அந்தக் கேசட்டோடு போகாது. டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் ஒவ்வொரு கேசட்டுக்கும் பரவும். கடலோரப் பேட்டைகளில் பத்துக்கு மூன்று நான்கு இப்படி இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். தனியாகப் பிரித்து, மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு இரண்டு வாரம் வையுங்கள். நீலச் சிலிக்காவில் நச்சுள்ள கோபால்ட் உப்பு உண்டு என்பதால் ஆரஞ்சு நிறத்தது வாங்குவது நல்லது. அது பச்சையாக மாறினால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். காய்ந்த பிறகு பூஞ்சை உயிரோடு வளராது என்றாலும் பொடி இருக்கும். முகக்கவசம் போட்டு, மொட்டை மாடியில் வைத்து, கேசட்டின் அடிப்புறம் இருக்கும் ஐந்து ஸ்குரூவைக் கழற்றி, சுருளின் ஓரங்களை உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து, சுத்தமான வேறு கேசட் கூட்டுக்குள் மாற்றுங்கள். சுருள் முழுக்க வெள்ளை படிந்திருந்தால் நீங்கள் கைவைக்க வேண்டாம், இந்த வேலை தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

முதுகுப் பக்கம் இடது ஓரத்தில் சிறிய பிளாஸ்டிக் நாக்கு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஒடித்துவிடுங்கள். இல்லையேல் தவறி ரெக்கார்ட் பொத்தான் அழுந்தினாலே அக்காவின் வளைகாப்பு அழிந்து நீலத் திரை ஆகிவிடும்.

டேப் அறுந்திருந்தால் செல்லோடேப் ஒட்டவே கூடாது. அதன் பசை வெயிலில் இளகி ஹெட்டை அடைத்துவிடும். ஸ்பிளைசிங் டேப் என்று கேட்டு வாங்கி, அறுந்த இரு முனையையும் சாய்வாக வெட்டி நேராகச் சேர்த்து, கேசட்டின் உள்பக்கம் பார்க்கும் முதுகில் மட்டும் ஒட்டுங்கள். கதவுப் பக்கம் பார்ப்பதுதான் படம் இருக்கும் பக்கம், அதில் விரல் படவே கூடாது.

இனி விசிஆர். மூர் மார்க்கெட் பக்கத்துப் பழைய சாமான் கடை, குஜிலி பஜார், பேட்டைக் காயலான் கடை என்று தேடினால் இன்னும் கிடைக்கிறது. வாங்கும்போது உங்களுக்கு வேண்டாத கேசட் ஒன்றைக் கொண்டுபோய் அங்கேயே பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். வெளியே எடுத்து, கதவைத் தூக்கி டேப்பைப் பார்த்தால் நீளவாக்கில் கீறலோ ஓரத்தில் சுருக்கமோ இருக்கக் கூடாது. ஃபார்வர்ட், ரீவைண்ட் இரண்டும் கடைசி வரை ஓடுகிறதா என்றும் பாருங்கள். ஓடாமல் நின்றால் உள்ளே இருக்கும் ரப்பர் சக்கரமும் பெல்ட்டும் இறுகிப்போய்விட்டன. அப்படிப்பட்ட மெஷின் டேப்பைச் சுற்றி எடுக்காமல் வயிற்றுக்குள் கொட்டி வைக்கும், அதைத்தான் ‘கேசட்டைத் தின்னுடுச்சு’ என்பார்கள். தின்றுவிட்டால் இழுக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கி, மேல் மூடியைக் கழற்றி, லோடிங் மோட்டாரின் சிறு சக்கரத்தை விரலால் சுற்றினால் டேப் மெல்ல விடுபடும்.

ஹெட் சுத்தம் செய்வதற்கு 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வேண்டும். சர்ஜிகல் ஸ்பிரிட், தின்னர், பெட்ரோல் எதுவும் கூடாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஜெராக்ஸ் காகிதத்தில் இரண்டு விரல் அகலத் துண்டை மடித்து ஆல்கஹாலில் நனையுங்கள். அதை, ஹெட் பதிந்திருக்கும் பளபளக்கும் டிரம்மின் (உருளையின்) பக்கத்தில் லேசாக அழுத்தி அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையால் டிரம்மின் மேல்பாகத்தை நாலைந்து சுற்று சுற்றுங்கள். சுற்றுவது டிரம்தான். காகிதத்தை மேலும் கீழும் தேய்த்தால் மிகச் சிறிய ஹெட் முனை முறிந்துவிடும், மெஷின் அத்தோடு சரி. காது குடையும் பஞ்சுக் குச்சியையும் டிரம் பக்கம் கொண்டுபோகாதீர்கள், இழை மாட்டிக்கொள்ளும். மற்ற உலோகத் தூண்களைத் துடைக்க அது போதும். ரப்பர் பிஞ்ச் ரோலரை ஆல்கஹால் உலர்த்தி வெடிக்க வைக்கும், சோப்புத் தண்ணீர் தொட்டுத் துடைத்தால் போதும். கால் மணி நேரம் காய விட்டு மூடுங்கள்.

ஏற்றப் போகும் கேசட்டை முதல் நாளே மெஷின் இருக்கும் அறையில் வைத்துவிடுங்கள். ஏசி அறையிலிருந்து புழுக்கத்துக்குள் கொண்டுவந்தால் டேப்பில் நீர் கோத்து டிரம்மில் ஒட்டும். ஓட்டுவதற்கு முன் ஒருமுறை கடைசி வரை ஃபார்வர்ட், பிறகு முழு ரீவைண்ட். இருபது முப்பது வருடம் ஒரே இறுக்கத்தில் கிடந்த சுருள் இதில் சமமாகும்.

இணைப்பு எளிது: விசிஆரின் மஞ்சள், வெள்ளை, சிவப்பு மூன்றையும் யுஎஸ்பி கேப்சர் கார்டில் செருகி, கார்டை லேப்டாப்பில் செருக வேண்டியதுதான். ரிச்சி தெருவில் கிடைக்கும் மலிவு கார்டே தொடக்கத்துக்குப் போதும். தப்பு நடப்பதெல்லாம் அமைப்பில். மென்பொருள் பெரும்பாலும் அமெரிக்க முறையான என்டிஎஸ்சியில் திறக்கும். அதை ‘பால்-பி’ என்று மாற்றி, அளவு 720×576, நொடிக்கு 25 பிரேம், ஒலி 48 கிலோஹெர்ட்ஸ் என்று வையுங்கள். மாற்றாவிட்டால் படம் கறுப்பு வெள்ளையாக உருளும். நேர் எதிராக, சொந்தக்காரர் அமெரிக்காவிலிருந்து அனுப்பிய கேசட் என்றால் அது என்டிஎஸ்சியாகவே இருக்கும், நம் பழைய விசிஆரில் சிலதில் ஓடாது. சிங்கப்பூர், மலேசியா, வளைகுடாவிலிருந்து வந்தவை பெரும்பாலும் நம்முடையது மாதிரியே ‘பால்’.

வர்ச்சுவல்டப் மென்பொருளில் ஹஃப்யுவ் முறையில் சேதமில்லாமல் பதிந்தால் மணிக்கு 30 ஜிபிக்கு மேல் பிடிக்கும். இடம் இருந்தால் அதுவே சிறந்தது. இல்லையென்றால் எச்.264 என்ற சுருக்கும் முறையில் 6 எம்பிபிஎஸ் (நொடிக்கு 6 மெகாபிட்), மணிக்கு 2.7 ஜிபி ஆகும். பென்டிரைவில் போட்டு டிவியில் பார்க்கும்போது ‘கோப்பு பெரிது’ என்று ஏற மறுத்தால் பென்டிரைவ் எஃப்ஏடி32 என்ற வடிவமைப்பில் இருக்கிறது, அது 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பை வாங்காது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றுங்கள்.

பதிந்ததைப் பார்க்கும்போது வரும் கோளாறுகள் சிலவற்றுக்கு மருந்து உண்டு, சிலவற்றுக்குத் தேவையில்லை. படத்தின் குறுக்கே இரைச்சல் பட்டை ஓடினால் டிராக்கிங் பொத்தானைத் திருகுங்கள். திரை முழுக்கப் பனி கொட்டினால் ஹெட் அடைத்திருக்கிறது, நிறுத்தி மறுபடி சுத்தம் செய்யுங்கள். ‘ம்ம்ம்’ என்று ஒலியில் முனகல் இருந்தால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள், பெரும்பாலும் போய்விடும். ஆட்கள் வேகமாக ஓடிக் கிளிக்குரலில் பேசினால் அந்தக் கேசட் நீள்நேர வேகத்தில் பதியப்பட்டது. அந்த வசதி உள்ள விசிஆர் வேண்டும். படத்தின் அடி விளிம்பில் கிழிந்த துணி மாதிரி ஒரு கோடு எல்லாக் கேசட்டிலும் வரும். ஹெட் மாறும் இடம் அது. பழைய டிவியின் சட்டம் அதை மறைத்து வைத்திருந்தது, இப்போது தெரிகிறது. அந்தக் கோட்டின் மேல் கறுப்புப் பட்டை பூசினால் போதும், அதற்காகப் படத்தைப் பெரிதாக்கி வெட்டாதீர்கள்.

கடைசியாக ஒரு நுணுக்கம், பலர் கோட்டைவிடுவது இதில்தான். டிவிப் படம் ஒரு பிரேமை ஒற்றை வரி, இரட்டை வரி என்று இரண்டு பாதியாக அனுப்பும். ஒருவர் கைவீசும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள். கையோரத்தில் சீப்புப் பல் மாதிரி தெரிந்தால் அது வீடியோ கேமராவில் எடுத்த நாடகம், செய்தி, கல்யாணம். ஹேண்ட்பிரேக் மென்பொருளில் டீஇன்டர்லேஸ் போட்டு, ‘பாப்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். நொடிக்கு 50 அசைவும் மீண்டு, டிவியில் அன்று பார்த்த அதே வழுக்கல் வரும். சீப்பு தெரியாவிட்டால் அது பிலிமில் எடுத்தது. டீஇன்டர்லேஸ் போட்டால் கூர்மைதான் போகும், தொடாதீர்கள்.

பழைய பெட்டி டிவி ஒன்று கிடைத்தால் கேசட்டுக்கு அதைவிடப் பொருத்தமான திரை இல்லை. டயனோரா, சாலிடேர் என்று நம்மூரில் செய்தவையே எத்தனையோ வீட்டில் ஓடின. இயங்குகிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள், பின்மூடியைத் திறக்காதீர்கள். படக்குழாயில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும்.

மொட்டை மாடியில் திரை கட்ட

ஜனவரியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகையில் ஆசைப்படாதீர்கள்.

திரை 8 அடிக்கு 6 அடி என்று வைத்தால் சரியாக 4:3. மூலைக்கு மூலை 10 அடி வருகிறதா என்று கயிறு பிடித்துப் பார்த்தால் கோணல் இல்லாமல் இருக்கும். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் 108 அங்குல அகல வெள்ளை பெட்ஷீட் துணி கேளுங்கள். 7 அடி வாங்கினால் ஒட்டு இல்லாமல் முழுத் திரையும், நாலு பக்கமும் 6 அங்குல மடிப்பும் கிடைத்துவிடும். சிறு அகலத் துணியை நடுவில் தைத்தால் அந்தத் தையல் நாயகியின் மூக்கிலேயே வந்து நிற்கும். பின்னால் அதே அளவில் கறுப்புத் துணி ஒன்று கட்டாயம். இல்லையென்றால் வெளிச்சத்தில் பாதி துணியைத் தாண்டிப் பின்வீட்டுச் சுவரில் விழும். அவர்களுக்கும் இலவசப் படம்தான், ஆனால் இடம் வலமாக. கீழ் மடிப்புக்குள் மணல் நிரப்பிய பிவிசி பைப்பை நுழைத்துவிடுங்கள்.

எந்தச் சுவரில் கட்டுவது என்பதுதான் வடசென்னையில் முக்கியம். கடல் கிழக்கே, மாலைக் காற்றும் அங்கிருந்தே. கிழக்கு அல்லது மேற்குக் கைப்பிடிச் சுவரில் கட்டினால் துணி பாய்மரமாகிவிடும். வடக்கிலோ தெற்கிலோ கட்டினால் காற்று ஓரத்தை உரசிக்கொண்டு போகும். பந்தல்காரரிடம் இரண்டு சவுக்குக் கட்டை வாங்கி நட்டால் கயிறு கட்ட வசதி.

புரொஜெக்டருக்கு 48 சதுர அடித் திரையில் ஏறக்குறைய 700 லூமன் விழ வேண்டும். 16:9 புரொஜெக்டரில் 4:3 படம் போடும்போது வெளிச்சத்தில் கால் பங்கு கறுப்புப் பட்டைக்குப் போவதால், 900 முதல் 1000 ‘ஆன்சி’ (முறைப்படி அளந்த) லூமன் உள்ளதாகப் பாருங்கள். ‘ஆன்சி’ என்ற சொல் இல்லாமல் டப்பா மேல் 10,000 லூமன் என்று போட்டிருந்தால் நம்ப வேண்டாம். 6 அடி உயரப் படத்துக்கு, 1.3 வீச்சு விகிதம் (த்ரோ ரேஷியோ) உள்ள 16:9 கருவி திரையிலிருந்து 14 அடி தள்ளி நிற்க வேண்டும். மாடியில் அவ்வளவு இடம் இல்லையென்றால் திரையைச் சிறிதாக்குங்கள், கருவியைக் கோணலாக வைத்து, கோணலை நிமிர்த்தும் ‘கீஸ்டோன்’ வசதியைத் திருகாதீர்கள், கூர்மை போய்விடும்.

படத்துக்கு முன்னால் பிலிம்ஸ் டிவிஷனின் பழைய செய்திப்படம் ஒன்று பத்து நிமிடம் ஓட்டினால் தியேட்டர் வாசனை வந்துவிடும். லேட்டாக வருகிறவர்களுக்கும் அது இடம் கொடுக்கும். இடைவேளை என்று படத்திலேயே போட்டிருக்கும் இடத்தில்தான் நிறுத்த வேண்டும், வடை ஆறிப்போகிறது என்பதற்காக முன்னால் நிறுத்தாதீர்கள். ஒலியும் ஒளியும் மாதிரி அரை மணி நேரம் பாட்டு போடுவதானால் ஐந்தாறு பாட்டை ஒருவர் மட்டும் தேர்ந்தெடுத்து ரகசியமாக வைக்கட்டும். அடுத்து என்ன பாட்டு என்று தெரியாததில்தான் அதன் சுவை இருந்தது. தொடர்களையும் அப்படியே, வாரத்துக்கு ஓர் அத்தியாயம். ஒரே ராத்திரியில் எட்டு அத்தியாயம் பார்த்தால் ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் வரும் முன்கதையும் முகப்புப் பாட்டும் அலுத்துவிடும். வாரக்கணக்கில் காத்திருந்து பார்ப்பவருக்காக எடுத்தது அது.

வீட்டு ஆட்களோடு பார்க்கும்வரை சிக்கல் இல்லை. தெருவில் திரை கட்டி ஊரைக் கூப்பிடுவதானால் உரிமைதாரரின் அனுமதி வேண்டும். திரைப்படத்துக்கான பதிப்புரிமை வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டுதான் என்றாலும், கதை, பாடல் வரி, இசைக்குத் தனித்தனிக் கணக்கு, ஆக்கியவர் மறைந்து 60 ஆண்டு வரை. போலீஸ் அனுமதியும் தனி. திறந்தவெளியில் ஒலிபெருக்கி இரவு 10 மணிக்கு மேல் கூடாது என்பது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. 166 நிமிடப் படம், 15 நிமிட இடைவேளை என்றால் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். 7 மணிக்குச் சற்று முன்பே தொடங்கியாக வேண்டும். செய்திப்படத்தை 6.45க்குப் போட்டுவிடுங்கள், அது கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தாலும் யாரும் கேட்கப்போவதில்லை. முடிந்ததும் புரொஜெக்டரை உடனே கீழே கொண்டுபோக வேண்டும், ராத்திரிப் பனியில் உப்பு கலந்திருக்கும். லென்ஸில் படிந்தால் சட்டைத் துணியால் தேய்க்காமல் லென்ஸ் துணியால் துடையுங்கள்.